பன்னிரு வீட்டுக் கணக்கு

மதுரைப் புறத்தே ஆயர்பாடியில் தீய நிமித்தங்கள் தோன்றுகின்றன. அவற்றால் வந்த கவலை தீரவும், கண்ணகி காணவும், மாதரி குரவைக் கூத்துக்கு ஏற்பாடு செய்கிறாள். கன்னியர் எழுவரை வட்டமாக நிறுத்துகிறாள். அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என இசை நரம்புகளின் பெயர்களையே இடுகிறாள். குரலாக நின்றவள் மாயவன் ஆகிறாள். இளியாக நின்றவள் பலதேவன். துத்தமாக நின்றவள் நப்பின்னை. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையைக் கதைக்காகப் படிப்போர் இவ்விடத்தை ஒரு விளையாட்டு என எண்ணி விரைந்து கடந்து விடுவர். பழைய உரைகாரர் அவ்வாறு கடக்கவில்லை. எழுவரும் நின்ற வட்டத்தை அவர்கள் பன்னிரண்டு இராசி வீடுகளாகப் பகுத்து, எந்த வீட்டில் எந்த நரம்பு நிற்கும் என்று குறித்து வைத்தனர்.

அக்குறிப்பின்படி துலாத்தில் குரல், தனுசில் துத்தம், கும்பத்தில் கைக்கிளை, மீனத்தில் உழை, இடபத்தில் இளி, கடகத்தில் விளரி, சிம்மத்தில் தாரம். மேடம், மிதுனம், கன்னி, விருச்சிகம், மகரம் ஆகிய ஐந்தும் ஆளில்லா வீடுகள். கைக்கிளையும் உழையும் அடுத்தடுத்த வீட்டார்; விளரியும் தாரமும் அவ்வாறே. மற்ற நரம்புகளுக்கு இடையே ஒவ்வொரு வீடு காலியாகக் கிடக்கிறது. வீணையோ ஆர்மோனியமோ பழகியவர் விரல் இதனை உடனே அறிந்து கொள்ளும். இது அரிகாம்போதியின் ஆரோகணம். ஏழு நரம்புகளும் ஐந்து இடைவெளிகளும் சேர்ந்து ஒரு தானத்துக்குப் பன்னிரண்டு இடம் என்னும் அமைப்பு இதனுள் முழுமையாக இருக்கிறது.

பன்னிரண்டு இடங்களையும் ஒன்று விடாமல் வரிசையாகத் தொடும் சுர வரிசையை மேனாட்டார் குரோமேட்டிக் வரிசை என்பர். நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழியாக வந்த பெயர் அது. ஏழு சுரங்கள் கோட்டோவியம் எனில், இடையிலுள்ள ஐந்தும் அதற்கு ஏற்றும் வண்ணம் என்னும் கருத்தில் அப்பெயரை விளக்குவாரும் உண்டு. தமிழில் வண்ணம் என்ற சொல் நிறத்தையும் குறிக்கும், தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் இருபது வகை ஓசை நடையையும் குறிக்கும். இரு மொழிகளும் ஓசைக்கு நிறத்தின் பெயரை அளித்தமை தற்செயலே ஆயினும், கவிஞர்க்குச் சுவை தருவது.

வட்டம் வரைந்தவர்கள் பன்னிரண்டு வீடுகளை எவ்வாறு பெற்றனர்? இராசிகள் பன்னிரண்டு என்பதால் இசையையும் பன்னிரண்டாக வெட்டினர் எனக் கொள்ளுதல் எளிது, ஆனால் பொருந்தாது. உரையிலேயே நரம்புகளின் பிறப்பு முறை சொல்லப்பட்டுள்ளது. தாரத்துள் உழை பிறக்கும், உழையுள் குரல், குரலுள் இளி, இளியுள் துத்தம், துத்தத்துள் விளரி, விளரியுள் கைக்கிளை. ஒவ்வொன்றும் தனக்கு முன்னதன் ஐந்தாம் நரம்பு. இன்றைய பேச்சில் ச-ப உறவு என்பது இதுவே. இராசி வட்டத்தில், நின்ற வீட்டையும் சேர்த்து எண்ணினால், எட்டாம் வீட்டில் இளி உறவு அமையும். சிம்மத்துத் தாரத்திலிருந்து எட்டாம் வீடு மீனம், அங்கே உழை. மீனத்திலிருந்து எட்டாவது துலாம், அங்கே குரல். இப்படியே எண்ணிச் சென்றால் கும்பத்துக் கைக்கிளையில் ஏழு நரம்பும் முடியும். அதற்கு மேலும் எட்டெட்டாக எண்ணினால் கன்னி, மேடம், விருச்சிகம், மிதுனம், மகரம் எனக் காலி வீடுகள் ஐந்தும் முறையே நிரம்பி, பன்னிரண்டாம் தாவலில் மீண்டும் சிம்மம் வந்து சேரும். பன்னிரண்டு என்னும் எண் சோதிடத்திலிருந்து வந்ததன்று. ஐந்தாம் நரம்பின் இனிமையைக் காது பின்தொடர்ந்ததால் விளைந்தது.

பாலைகளும் இதற்குச் சான்று. குரலைக் குரலாகவே கொண்டால் செம்பாலை. துத்தத்தைக் குரலாகக் கொண்டு தொடங்கினால் படுமலைப்பாலை, கைக்கிளை குரலானால் செவ்வழிப்பாலை, உழை அரும்பாலை, இளி கோடிப்பாலை, விளரி விளரிப்பாலை, தாரம் மேற்செம்பாலை. இவற்றுள் ஆறு, முறையே அரிகாம்போதி, நடபைரவி, சங்கராபரணம், கரகரப்பிரியா, தோடி, கல்யாணி என இன்று ஆய்வாளர் பலர் கொள்வர். செவ்வழிப்பாலையில் மட்டும் ஐந்தாம் நரம்பு இல்லை. அதற்கு ஈடான மேளம் இன்றில்லை. ஏழு பாலைகளையும் ஒரே குரலின்மேல் ஏற்றி ஒருவர் பாட முயன்றால் ஏழு இடங்கள் போதா, பன்னிரண்டும் வேண்டியிருக்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல் முளைக்கிறது. ஐந்தாம் நரம்பின் தூய விகிதம் 3க்கு 2. இவ்விகிதத்தைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.746 வரும். ஏழு தானங்கள் மேலே சென்றால் வரவேண்டிய எண், இரண்டை ஏழுமுறை பெருக்கிய 128. இரண்டும் சமமல்ல. வட்டம் மூடவில்லை. தொடங்கிய வீட்டுக்குத் திரும்பியதாக எண்ணியவர், வாசற்படிக்குச் சற்று மேலே நிற்கிறார். இம்மிச்சத்துக்கு மேனாட்டில் கோமா என்று பெயர். அரைச்சுரத்தின் கால்பங்கை விடச் சிறிது குறைந்த அளவு. மேற்செம்பாலையில் வரும் உயர்ந்த மத்திமமும் செவ்வழிப்பாலையில் வரும் தாழ்ந்த பஞ்சமமும் ஒரே வீட்டில் குடியிருப்பன போல் தோன்றினும், தூய விகிதத்தில் அவற்றுக்கு இடையே இந்த மிச்சம் நிற்கும். நுட்பமாகக் கேட்பவர்க்கு வீடுகள் பன்னிரண்டல்ல, பதின்மூன்று. மேலும் தொடர்ந்தால் எண்ணிலடங்கா.

இந்த மிச்சத்தோடு வாழ்நாளின் இறுதிப் பகுதி முழுவதும் போரிட்டவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்.

அவர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், திருநெல்வேலிச் சீமையில், தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று அங்கேயே ஆசிரியரானார். இசையின் பால பாடத்தையும் அவ்வூரிலேயே கற்றார். சுருளி மலையில் கருணானந்தர் என்னும் துறவியைக் கண்டு மருந்து முறைகளைப் பெற்றார். பின்னர் தம் மனைவியாருடன் தஞ்சைக்கு வந்து பள்ளியில் பணியாற்றி, அதனை விட்டுச் சித்த மருத்துவத்தில் முழுமையாக இறங்கினார். அவருடைய கருணாநிதி வைத்தியசாலை மருந்துகள் தமிழகத்துக்கு வெளியிலும் விலைபோயின. 1909இல் அரசு ராவ் சாகிப் பட்டம் அளித்தது. மருந்தில் ஈட்டிய பொருளை அவர் இசையில் செலவிட்டார். அக்காலத்து மிராசுதார்களும் சமீன்தார்களும் இசைவாணரைப் புரந்தது போன்றதன்று இது. பாட்டைக் கேட்டு மகிழ்வதற்குப் பொருள் கொடுத்தோர் பலர். சுரங்களின் அளவை அறியப் பொருள் கொடுத்தவர் அவர் ஒருவரே எனலாம்.

1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். 1916 வரை ஏழு மாநாடுகளைத் தம் செலவில் கூட்டினார். வித்துவான்களை வரவழைத்து அவர் கேட்ட கேள்வி ஒன்றே: ஒரு தானத்தில் சுருதிகள் எத்தனை, அவற்றின் அளவு யாது?

அந்நாளில் இதற்கு அளிக்கப்பட்ட விடை இருபத்திரண்டு. பரதரின் நாட்டிய சாத்திரமும், 13ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரமும் அவ்வாறு கூறின. 1910இல் தேவல் என்னும் மராட்டிய அறிஞர் இருபத்திரண்டு சுருதிகளுக்கும் விகித எண்களைக் கணித்து நூல் வெளியிட்டார். ஆங்கில ஆட்சிப் பணியிலிருந்த கிளெமென்ட்ஸ் அவருக்குத் துணைநின்றார். வித்துவான்களோ வாயால் இருபத்திரண்டு என்றும், வீணையில் பன்னிரண்டு என்றும் வாழ்ந்தனர். சாத்திரத்துக்கும் விரலுக்கும் இடையே இருந்த இந்தப் பிளவைப் பண்டிதரால் ஏற்க இயலவில்லை.

1892இல் உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அரும்பத உரையும் அடியார்க்குநல்லார் உரையும் சேர்த்து அச்சிட்டிருந்தார். புலவர்கள் அந்நூலில் காப்பியத்தைக் கண்டனர். பண்டிதர் அதில் ஓர் இசையிலக்கண நூலின் எச்சத்தைக் கண்டார். இராசி வட்டம், ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை ஆகியவை அவர் கையில் உயிர்பெற்றன. ஆயப்பாலையில் தானம் பன்னிரண்டாகவும், வட்டப்பாலையில் இருபத்து நான்காகவும், மற்ற இரண்டில் நாற்பத்தெட்டாகவும் தொண்ணூற்றாறாகவும் சமமாகப் பகுக்கப்படும் என்பது அவர் முடிபு. பன்னிரண்டு அரைச்சுரங்களும் ஒன்றுக்கொன்று சமம். பழந்தமிழர் அவ்வாறே கொண்டனர். இருபத்திரண்டு என்பது பின்னர் நேர்ந்த பிழை. இதுவே அவர் நிலைநாட்ட விரும்பியது.

ஆனால் அதே உரையில் இருபத்திரண்டும் இருக்கிறதே! உரையில் மேற்கோளாக வரும் ஒரு வெண்பா, நரம்புகளுக்கு அலகு வகுக்கிறது. குரலுக்கு நான்கு, துத்தத்துக்கு நான்கு, கைக்கிளைக்கு மூன்று, உழைக்கு இரண்டு, இளிக்கு நான்கு, விளரிக்கு மூன்று, தாரத்துக்கு இரண்டு. கூட்டினால் இருபத்திரண்டு. வடநூலார் கணக்கும் தமிழ் உரைகாரர் கணக்கும் தொகையில் ஒத்துப் போகின்றன. பண்டிதருக்கு இதைவிடப் பெரிய இடையூறு வேறில்லை. இதனை அவர் மறைக்கவில்லை. கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகு குறைத்துச் சொல்லப்பட்டுள்ளது. உண்மையில் அவையும் நான்கு நான்கே. எனவே மொத்தம் இருபத்து நான்கு என்று அவர் விடை பகர்ந்தார்.

கேட்ட மாத்திரத்தில் இது வலிந்து கொண்ட பொருளாகவே தோன்றும். மூல எண்ணைத் தனக்கு வேண்டியவாறு திருத்திக்கொள்ளும் ஆராய்ச்சியை எவரும் ஐயுறுவர். எனினும் பிறப்பு முறையோடு சேர்த்து அலகை எண்ணிப் பார்ப்பவர் சிறிது நின்று யோசிக்க வேண்டியிருக்கும். குரலிலிருந்து இளி வரை துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4. ஆக 13 அலகு. இளியிலிருந்து மேல்துத்தம் வரை விளரி 3, தாரம் 2, குரல் 4, துத்தம் 4, அதுவும் 13. தாரத்திலிருந்து உழைக்கும், உழையிலிருந்து குரலுக்கும், விளரியிலிருந்து கைக்கிளைக்கும் அதே 13. துத்தத்திலிருந்து விளரிக்கு மட்டும் கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3. 12 தான் வருகிறது. ஆறு பிறப்புகளில் ஐந்து ஒரே அளவாக அமைய, ஒன்று மட்டும் ஓர் அலகு குறைந்து நிற்கிறது. துத்தத்துள் விளரி பிறக்கும் என்ற உரையும், விளரிக்கு மூன்று அலகு என்ற வெண்பாவும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. பண்டிதர் சொன்னபடி கைக்கிளைக்கும் விளரிக்கும் நான்கு நான்கு இட்டுக் கணக்கிட்டால், ஆறு பிறப்புகளும் பிசகின்றி 14 அலகாகின்றன. இருபத்து நான்கில் பதினான்கு என்பது பன்னிரண்டில் ஏழு. இராசி வட்டத்தில் இளி நிற்கும் தொலைவு அதுவே. முரண் இருந்த இடத்தைத் தொட்டு, அதனை நீக்கும் திருத்தத்தையே அவர் செய்தார். திருத்தம் சரியா என்பது வேறு வினா. அது மனம்போன போக்கில் செய்யப்பட்டதன்று.

1916 மார்ச்சில் பரோடா மன்னர் ஆதரவில் முதல் அகில இந்திய இசை மாநாடு கூடியது. பாத்கண்டே அதனை முன்நின்று நடத்தினார். தேவலும் கிளெமென்ட்சும் தம் இருபத்திரண்டு சுருதிகளை நிறுவ முற்பட்ட அதே அவையில், பண்டிதர் தம் மகள்மாரைக் கொண்டு இசைத்துக் காட்டித் தம் கருத்தை எடுத்துரைத்தார். வழக்கு அங்கே தீரவில்லை. மறு ஆண்டு, 1917இல், தம் சொந்த அச்சகத்தில் ‘கருணாமிர்த சாகரம்’ முதற் புத்தகத்தை அச்சிட்டு வெளியிட்டார். ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட பக்கங்கள். குமரிக் கண்டமும் கடல்கோளும் முதற்சங்கமும் அதில் நீளமாகப் பேசப்படுகின்றன. அப்பகுதிகள் இன்றைய வரலாற்றுச் சோதனைக்கு நில்லா. ஆனால் பக்கந்தோறும் தந்தியின் நீளமும் அதிர்வெண்ணும் தசம எண்களாக நிரம்பிய அட்டவணைகள் வரும்போது, நூலின் குரலே மாறிவிடுகிறது. அங்கே பேசுபவர் பழம்பெருமை கூறும் புலவரல்லர். மருந்தை நிறுத்துப் பழகிய வைத்தியர்.

பண்டிதர் தேடிய சம அளவு, எண்ணாகச் சொன்னால் இரண்டின் பன்னிரண்டாம் மூலம், 1.05946 எனத் தொடங்கிச் செல்வது. இதனை முதன்முதலில் துல்லியமாகக் கணித்து எழுதியவர் சீனத்து மிங் அரச குடும்பத்தைச் சேர்ந்த சூ சாய்யூ; ஆண்டு 1584. தம் இளவரசுப் பட்டத்தைத் துறந்து கணிதத்திலும் இசையிலும் வாழ்ந்தவர் அவர். அண்மைக் காலத்திலேயே நெதர்லாந்தில் சைமன் ஸ்டெவின் அதே முடிவுக்குத் தனித்து வந்தார். ஸ்டெவின் எழுதியது 1884 வரை அச்சேறாமல் கையெழுத்தாகவே கிடந்தது. அவரைப் பற்றிய செய்தி பண்டிதரை நினைவூட்டாமல் இராது. சம அரைச்சுரம் தூய விகிதத்துக்கு ஓர் ஏற்பாடான மாற்று என்று ஸ்டெவின் சொல்லவில்லை. அதுவே உண்மை, 3க்கு 2 என்பதே தோராயம் என்றார். டச்சு மொழியே அறிவியலுக்கு மிக ஏற்ற மொழி என்று நூலெழுதி வாதிட்டவரும் அவரே. மூன்று நூற்றாண்டும் பெருங்கடலும் இடையிட்டிருக்க, சம அளவின் மீது கொண்ட நம்பிக்கையும் தாய்மொழிப் பற்றும் இருவரிடத்தும் சேர்ந்தே காணப்படுகின்றன.

ஐரோப்பாவில் விசைப்பலகைக் கருவிகள் அச்சிக்கலை முன்னுக்குத் தள்ளின. பாடகர் குரலைச் சற்றே வளைத்துக்கொள்வார். பிடில்காரர் விரலை நகர்த்துவார். பியானோவின் கட்டைக்கு அந்த இளக்கம் இல்லை. எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டாலும் பாட்டு கெடாதிருக்க வேண்டுமெனில், மிச்சத்தைப் பன்னிரண்டு வீடுகளுக்கும் பங்கிட்டுத் தீர்க்க வேண்டும். 1722இல் பாக் இருபத்து நான்கு சுருதி நிலைகளிலும் உருப்படிகள் இயற்றித் தொகுத்தார். அவர் கருவி முற்றச் சமமாகச் சேர்க்கப்பட்டிருந்ததா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பியானோ உலகில் சமப் பகுப்பே பொது வழக்காயிற்று. அதனால் ஐந்தாம் சுரத்துக்கு நேர்ந்த இழப்பு மிகச் சிறிது. தானத்தை 1200 சென்ட் எனக் கொண்டால் 702 ஆக இருக்க வேண்டியது 700 ஆயிற்று. காந்தாரத்துக்கு நேர்ந்ததே பெரிது. 386ஆக இருக்க வேண்டியது 400க்கு ஏறியது. தம்பூராவின் நாதத்தில் ஊறிய காது இதனை உடனே உணரும்.

அவ்வாறாயின் பண்டிதரின் காது எங்கே பழகியது? மேனாட்டு இசையும் அவர் அறிந்தவர். ஆர்மோனியமும் பியானோவும் அவர் காலத் தஞ்சைக்கு அயலான அல்ல. அவற்றின் சம அளவைப் பழந்தமிழர் மேல் ஏற்றிவிட்டார் என்று சொல்லி விடுதல் எளிது. அவ்வாறு சொல்வோர் தஞ்சை வீணையை மறந்து விடுகின்றனர். 1550இல் இராமாமாத்தியர் தம் நூலில் எல்லாத் தந்திகளுக்கும் பொதுவான மெட்டுகள் வைக்கும் முறையை ஆராய்ந்தார். அதன் பின்னர் தஞ்சை நாயக்கர் காலத்தில் இருபத்து நான்கு மெட்டுகள் நிலையாகப் பதித்த வீணை உருப்பெற்றது. இரு தானங்களுக்குப் பன்னிரண்டு பன்னிரண்டு. 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி எழுபத்திரண்டு மேளங்களைக் கணக்கிட்டபோது, பதினாறு சுரப்பெயர்களைப் பன்னிரண்டு இடங்களில் அடக்கியே அக்கணக்கைச் செய்தார். சதுச்சுருதி ரிடபமும் சுத்த காந்தாரமும் ஒரே மெட்டு. பெயரில் இரண்டு, இடத்தில் ஒன்று. பதின்மூன்றாம் வீட்டை மூடிய கை பண்டிதருடையதன்று. அவருக்கு இருநூறு ஆண்டுக்கு முன்னரே தஞ்சையில் அது மூடப்பட்டு விட்டது.

மெட்டுகள் மெழுகில் பதிக்கப்படுவன. மேளம் கட்டுபவர் அளவுகோல் கொண்டு கட்டுவதில்லை. காதால் கேட்டுக் கேட்டு நகர்த்துவார். ஒரே மெட்டு சாரணிக்கும் பஞ்சமத் தந்திக்கும் மந்தரத்துக்கும் ஒத்து ஒலிக்க வேண்டும். ஒரு தந்திக்குத் தூயதாக வைத்தால் மற்றொன்றில் சிறிது பிசகும். கட்டுபவர் இரண்டுக்கும் நடுவே ஓரிடம் காண்கிறார். மூலமும் அடுக்கும் அறியாமலே, சமத்தை நோக்கிச் செல்லும் வேலை இது. சமத்தை முற்ற அடைவதில்லை. அடைய வேண்டிய தேவையும் இல்லை. வித்துவான் தந்தியை இழுத்துக் குறையை நிரப்பிக் கொள்வார்.

இங்கேதான் பண்டிதரின் வாதம் வலுவிழக்கும் இடமும் தெரிகிறது. வீணைக்கு மெட்டு உண்டு. யாழுக்கு மெட்டு இல்லை. அரங்கேற்று காதை கூறும் பதினான்கு நரம்பு யாழ், ஒரு நரம்புக்கு ஓர் ஓசை என்னும் வகையது. இளிக்கிரமத்தில், ஐந்தாம் நரம்பின் ஒத்திசைவைக் காதால் கேட்டு முறுக்கிச் சேர்ப்பவர்க்குக் கிட்டுவது 702, 700 அன்று. பாலையை மாற்ற வேண்டுமெனில் வேண்டிய நரம்பை மட்டும் திருத்திக்கொள்ள இயலும். பன்னிரண்டு வீடுகளையும் ஒரே வேளையில் நிரப்பி வைக்க வேண்டிய கட்டாயம் யாழாசிரியனுக்கு இல்லை. மிச்சம் அவனைத் துன்புறுத்தவே இல்லை. துன்பமில்லாத இடத்தில் அதற்கு மருந்து கண்டுபிடித்திருப்பான் என்று கொள்ள இடமில்லை. பழந்தமிழர் பன்னிரண்டை அறிந்திருந்தனர் என்பதற்கு உரைகள் சான்று. அப்பன்னிரண்டும் சம அளவின என்பதற்கு உரைகளில் சான்று இல்லை. இராசி வட்டம் வீடுகளை எண்ணுகிறது. வீட்டின் அகலத்தை அளக்கவில்லை. உரைகள் எழுந்த காலமும் காப்பியக் காலமும் பல நூற்றாண்டு இடைவெளி உடையன என்பதையும் சேர்த்தெண்ண வேண்டும்.

பண்டிதருக்குப் பின்னர் இவ்வழக்கைக் கையிலெடுத்தவர் விபுலானந்த அடிகள். மட்டக்களப்பின் காரைதீவில் பிறந்து, அறிவியல் கற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர். அவருடைய ‘யாழ் நூல்’ 1947 சூனில் திருக்கொள்ளம்பூதூரில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். கணிதம் வல்ல அடிகள் இருபத்திரண்டு அலகைத் தள்ளவில்லை. வெண்பாவின் எண்களை அப்படியே ஏற்று, நான்கலகு 9க்கு 8, மூன்றலகு 10க்கு 9, இரண்டலகு 16க்கு 15 என்னும் வகையான தூய விகிதங்களின் வழியே சென்றார். இவ்விகிதங்களைக் குரல் முதல் தாரம் வரை முறையே பெருக்கினால் தானம் சரியாக இரண்டில் முடிகிறது. அலகுக் கணக்கு தன்னளவில் நிறைவானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆயின் துத்தத்துள் விளரி பிறவாமல் தடுமாறும் இடம் அப்படியே நிற்கிறது. பண்டிதர் பிறப்பைக் காத்து அலகைத் திருத்தினார். அலகைக் காப்பவர் பிறப்பில் ஒரு நெகிழ்ச்சியை ஏற்க வேண்டும். ஒரே உரையின் இரு கூற்றுகளுள் எதனை மூலமாகக் கொள்வது என்பதே இருவர்க்கும் உள்ள வேற்றுமை. தமிழிசைக்கு ஒருவர் நண்பர், மற்றவர் பகைவர் என்று பேசுவது இரு நூல்களையும் திறவாதவர் பேச்சு.

சம அளவு என்றாலே இந்திய இசைக்கு ஊறு என்னும் எண்ணம் நாட்டில் பின்னர் வலுத்தது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. 1971 வரை அவ்விலக்கு நீடித்தது. அக்காலத்தில் பண்டிதரின் பெயரைச் சொல்வார் குறைந்தனர். அவர் கூறிய சம அளவு ஆர்மோனியத்தின் சம அளவாகவே பார்க்கப்பட்டது. அளந்து பார்த்தோரின் முடிவு இரு சாராருக்கும் முழு வெற்றி தரவில்லை. 1963இல் ஜைரஸ்பாயும் ஸ்டோனும் வடநாட்டு வித்துவான்களின் இசைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஒரே சுரத்தை ஒருவர் ஓரளவிலும் மற்றொருவர் வேறளவிலும் இசைப்பதைக் கண்டனர். இருபத்திரண்டு நிலைத்த புள்ளிகள் அங்கே இல்லை. பன்னிரண்டு சமப் புள்ளிகளும் இல்லை. பன்னிரண்டு வட்டாரங்கள் இருந்தன. சுரம் அவ்வவ் வட்டாரத்துள் உலவியது. கமகத்தால் வாழும் கருநாடக இசைக்கு இது இன்னும் பொருந்தும். தோடியின் காந்தாரம் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று கேட்பவர், அது நிற்பதே இல்லை என்ற விடையைப் பெறுவார்.

ஆபிரகாம் பண்டிதர் 1919 ஆகஸ்டு 31இல் தஞ்சையில் காலமானார். கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் புத்தகம் அவர் மகள் மரகதவல்லியாரின் முயற்சியால் 1946இல் வெளிவந்தது. யாழ் நூல் அரங்கேறியது அதற்கு அடுத்த ஆண்டு. அடியார்க்குநல்லார் பெயர் சுட்டிய பழைய இசைநூல்களுள் ஒன்றான பஞ்சமரபு, சுவடியிலிருந்து 1973இல்தான் அச்சுக்கு வந்தது. பண்டிதரும் அடிகளும் அதனைக் காணவில்லை. மற்றொன்றான இசைநுணுக்கம், உரையில் பெயராகவும் மேற்கோளாகவும் மட்டுமே எஞ்சியிருக்கிறது.